கடைசியாக வந்தவர்

மருத்துவமனைக்குப் புதிதாக வந்த மேனேஜருக்கு, நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தைப் பார்த்ததுமே தலை சுற்றியது. டோக்கன் கிடையாது, வரிசை கிடையாது. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். எந்த முனையிலிருந்து ஒழுங்குபடுத்துவது?

"இங்க யாருங்க கடைசி?" என்றார்.

"நான்தான் சார்," என்றாள் குழந்தையோடு இருந்த பெண்.

அதற்குள் போன் வரவே அறைக்குப் போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தால், டாக்டர் மணியை அடித்துக்கொண்டே இருக்கிறார். முப்பது பேரில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

"பாத்தீங்களா சிஸ்டர்? சந்தைக்கடை. நாளைக்கே டோக்கன் மெஷின் வாங்கணும்," என்றார் அங்கே நின்ற நர்ஸிடம்.

"பதினோரு வருஷமா இப்படித்தான் சார் ஓடுது, ஒரு சண்டை வந்ததில்ல. இன்னைக்குத்தான் எங்கேயோ சிக்கிக்கிச்சு. எனக்கே புரியல."

வரிசையே இல்லாத இடத்தில் எது சிக்கும்? மேனேஜர் குழம்பிப்போய், கையில் கட்டுப் போட்டிருந்தவரிடம் கேட்டார்.

"டாக்டர் கிளம்பிடுவாருங்க. நீங்க ஏன் உள்ள போகல?"

"எனக்கு முன்னாடி ஒருத்தர் இருக்காரே சார்."

"யாரு?"

"நீங்கதான். இங்க வர்றவங்க யாரு கடைசின்னு கேப்பாங்க. கேட்டவங்க அந்தக் கடைசி ஆளுக்கு அடுத்த ஆள். அவ்வளவுதான் கணக்கு. நான் வந்து கேட்டப்போ, குழந்தையோட இருந்த அம்மா உங்களைத்தான் காட்டுச்சு. அது டாக்டரைப் பாத்துட்டுப் போயிடுச்சு, அடுத்தது நீங்க. போன் பேசிட்டு வந்துடுவீங்கன்னு எல்லாரும் காத்திருக்கோம்."

மணி மறுபடி அடித்தது. முப்பது பேரும் பார்த்தார்கள். மேனேஜர் உள்ளே போனார்.

"உட்காருங்க. என்ன பண்ணுது?" என்றார் டாக்டர், நிமிராமலே.

"தலை சுத்துது டாக்டர்."