வீட்டுப்பிள்ளை மாதிரி

புலம்பெயர்ந்து வந்த வென்ட்வேர்த்வில் வீட்டுக் குசினியில் ஞானசேகரம் நாளைய நூலகப் பேச்சை வாசித்துப் பார்க்கிறார். அவர் செருமுகிற செருமலுக்குப் பரமட்டா ரயிலே நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். யன்னல் வெயில் தாளில் மஞ்சளாய்க் கிடக்கிறது. "எல்லா மனிதரும் சமமென்று அமெரிக்காவுக்கு எழுதிக்கொடுத்த ஜெபர்சன், நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தார். ஆனாலும் வீட்டுப்பிள்ளை மாதிரி..." பயற்றங்காய் முறிக்கிற மனைவி கனகேஸ்வரியின் விரல்கள் நிற்கின்றன. "இதைத்தானேயப்பா பூமணியைப் பற்றியும் சொல்லுறனீங்கள்?" "ஓம். ஊரில எங்கட வீட்டில வேலைக்கு நிண்டாலும் பிள்ளை மாதிரித்தானே." "எங்கட பிள்ளையள் பள்ளிக்கூடம் போகேக்க அவள் முற்றம் கூட்டினவள். ஒன்பது வயசு." இமயமலையோடு வாதாடினாலும் மலையையே மன்னிப்புக் கேட்க வைக்கிறவர், பேனா மூடியைக் கழற்றுகிறார். பிரிட்ஜ் விமானம் போல இரைகிறது. அவர் மெல்ல அந்த வரியை வெட்டுகிறார். ஓரத்தில் பூமணியின் பெயரை எழுதப் போனவர், முன்னால் தகப்பன் பெயரின் முதலெழுத்துப் போடும் இடத்தில் பேனாவை ஊன்றியபடி இருக்கிறார். மை பொட்டாய்ப் பரவுகிறது. "கனகு, அவளின்ர தகப்பன்ர பேர் என்ன?" கனகேஸ்வரி நிமிர்ந்து பார்க்கிறாள். "தேயிலைத் தோட்டத்துக்குப் போய், அந்தாளின்ர கையில இருந்து பிள்ளையைப் பிரிச்சுக் கூட்டி வந்தது நீங்கள்தானே?"