குதிகாலில் வந்த விடை

காளியப்பன் சார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே குனிந்து வலது கால் ஷூவைக் கழற்றினார். எதிரே நின்ற வீரமணி ஓரடி பின்னால் நகர்ந்தான். ஷூவால் அடி வாங்கப் போகும் முதல் பி.காம். மாணவன் தான்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"கதவச் சாத்து."

சாத்திவிட்டுத் திரும்பினால் சார் இடது ஷூவையும் கழற்றிக்கொண்டிருந்தார். அடிக்க ஒன்று போதாதா என்று கேட்கவா முடியும்?

எல்லாம் காலையில் நடந்த, நாலில் ஒரு விடையைக் குறிக்கும் வாரத் தேர்வால் வந்தது. காளியப்பன் சார் துறைத் தலைவர். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் எக்ஸ்ரே. துண்டுச்சீட்டை வாய்க்குள் அடக்கி வைத்திருந்தாலும் துப்ப வைத்துவிடுவார். அவர்தான் இன்று வீரமணியின் விடைத்தாளையும் பின் பெஞ்சு குருவின் விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அவன் தப்பா எழுதினதக்கூட விடாம எழுதியிருக்கியேடா! மத்தியானம் ரூமுக்கு வா. செல்லையும் எடுத்துட்டு வா" என்று வகுப்பே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

செல் போனால் போகட்டும். வீரமணியின் கவலை வருகைப்பதிவு. மொரப்பூர் ரயில் லேட்டு என்று சொல்லிச் சொல்லியே, ரயில் சரியாக வந்த நாட்களிலும் ஸ்டேஷன் பக்கத்து பேக்கரியில் உட்கார்ந்துவிட்டான். சார் மனசு வைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஹால் டிக்கெட். இல்லையென்றால் என்ன என்பதை அவன் அப்பா முடிவே பண்ணி வைத்திருந்தார். "பரீட்சைக்குக் கூப்பிடலன்னா வூட்டுப் பக்கம் வராத. நேரா திருப்பூர் பஸ்ஸு, பனியன் கம்பெனி" என்று சொல்லியிருந்தார்.

"எப்படிடா பண்ணின?" சார் கேட்டார். "நான் பக்கத்துலயேதான் நின்னேன். நீ தலையத் திருப்பல, வாய் அசையல, பேப்பர் மாறல. செருப்ப மட்டும் கழட்டி ஓரமா வெச்சிருந்த."

"தப்புதானுங்க சார். இனிமே பண்ணமாட்டனுங்க."

"தப்பா சரியான்னு உன்னக் கேட்டனா? எப்படின்னு கேட்டேன். உண்மையச் சொன்னீன்னா கையெழுத்தப் பத்தி யோசிக்கலாம்."

குருவின் முகம் வீரமணியின் கண்முன் வந்தது. சிநேகிதனா, ஹால் டிக்கெட்டா என்று ஒரு நிமிஷம் தவித்தான். ஒரு நிமிஷம்கூட இல்லை.

"காலுங்க சார்."

"காலா?"

"குரு பின்னாலருந்து பெஞ்சுக்கு அடியில கால நீட்டுவானுங்க. என் குதிகால்ல ஒரு தட்டு தட்டினா ஏ, ரெண்டு தட்டினா பி. அப்படியே டி வரைக்குமுங்க. ஒரு தேய்ப்பு தேய்ச்சா அடுத்த கேள்வி."

சார் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவரோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவனுக்கே விடை தெரியலன்னா?"

"ரெண்டு தேய்ப்புங்க. அப்ப நான் சொந்தமா எழுதணும்."

"எழுதுவியா?"

"எழுதுவனுங்க. அது தப்பாயிரும்."

சார் சிரிக்கவில்லை. யோசனையோடு தாடையைத் தடவினார். "சரி, உன் மூஞ்சியையும் கையையும் ஒரு கேமரா பாத்துக்கிட்டே இருக்குன்னு வெச்சுக்க. கண்டுபிடிச்சிருமா?"

வகுப்பறைகளில் கேமரா மாட்டப் போகிறார்கள் என்று கல்லூரியில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. அடுத்த வருஷத்துப் பையன்களின் பிழைப்பில் மண் விழப் போகிறதே என்று வீரமணிக்கு வருத்தமாக இருந்தது. இருந்தாலும் தொழில் பெருமை விடவில்லை.

"வாய்ப்பே இல்லீங்க சார். இடுப்புக்கு மேல ஒண்ணுமே அசையாதுங்க."

"நிஜமா?"

"எக்ஸ்ரேவே கண்டு…" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டான். "நீங்களே கண்டுபிடிக்கலீங்களே சார்."

சார் வருகைப்பதிவுப் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். வீரமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"சார்?"

"கையெழுத்து எங்கயும் ஓடிடாது. கதவு நல்லா சாத்தியிருக்கா பாரு. தாப்பாளப் போடு."

அடி நிச்சயம் என்று வீரமணி கண்ணை மூடிக்கொண்டான். அடி விழவில்லை. கம்ப்யூட்டர் உயிர் பெறும் சத்தம்தான் கேட்டது. கண்ணைத் திறந்தபோது சார் தலையை வாரி, சட்டைக் காலரைச் சரிசெய்து, கம்ப்யூட்டர் மேலிருந்த சின்னக் கேமராவுக்கு நேராக உட்கார்ந்திருந்தார்.

"நாலு வாரமா பெயிலு" என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல். "இந்த ஆன்லைன் கோர்ஸ முடிக்கலன்னா எனக்குப் ப்ரொமோஷன் இல்ல. இன்னைக்குக் கடைசித் தேர்வு. ஆரம்பிச்சிட்டா கேமரா பாக்கும், மைக்கும் கேக்கும். கேள்விய நான் எனக்கே சொல்லிக்கற மாதிரி மெதுவாப் படிக்கறேன், நீ வாயத் திறக்காம செல்லுல தேடிப் பாத்துத் தட்டு."

வீரமணி மேசைக்கு அடியில் தவழ்ந்து போய்ச் சம்மணம் போட்டான். சாரின் வெறுங்கால் அவன் முன்னால் பணிவாக வந்து நின்றது. செல்லைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு விரலைக் குதிகாலுக்கு நேராக நீட்டினான்.

"எந்த சப்ஜெக்ட்டுங்க சார்?"

மேலே சார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தேர்வில் நேர்மை."