சுட்ட எண்ணெய் வேன்

சிங்கப்பூரில் பதினைந்து வருடம் உழைத்துவிட்டு வந்த சேவுகன், உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்த ஒரு பழைய பெட்ரோல் வேனை வாங்கினான். அதற்கு டீசல் எஞ்சினை மாற்றிப் போட்டு, பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயிலேயே ராமேஸ்வரம் போகப்போவதாக அன்னவாசல் முழுக்கச் சொல்லித் திரிந்தான். கிறுக்குப் பயல்.

இன்று காலை அவன் பெட்ரோல் பங்க்கில் டீசல் போடுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். சாயங்காலம் பெரியகருப்பனின் டீக்கடைக்கு வந்தான். நான் விடுவேனா?

"என்ன மாப்ள, ஒன் வண்டிக்கு எண்ணெய் செரிக்கலையோ?"

கடையே சிரித்தது.

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு மாமா. கல்யாண மண்டபத்துல கெடச்ச எண்ணெயில ஒரு வாரம் ஓட்டுனேன்."

"நேத்துச் சுட்ட எண்ணெயை எங்க வீட்டு நாய்கூட மோந்து பாக்காது. வெசம். அதைப் போயி வண்டிக்கு ஊத்துறியே" என்று மூன்றாவது பஜ்ஜியை முடித்து, நாலாவதை எடுத்தேன்.

"ஊத்தலாம்னா கெடைக்கலையே மாமா. இங்கேருந்து புதுக்கோட்டை வரைக்கும் ஒரு கடை விடாம கேட்டுட்டேன். ஒருத்தர்கிட்டயும் இல்லை."

"அத்தனை கடையிலயும் தினம் சுடுறாங்க. இல்லாம எங்கிட்டுப் போகும்?"

சேவுகன் கடை அடுப்பின் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"மிஞ்சுனாத்தானே குடுக்கறதுக்கு" என்றார் பெரியகருப்பன். ஒரு புது எண்ணெய் பாக்கெட்டைக் கத்தரித்து, சட்டியில் கறுத்துக் கிடந்த எண்ணெயின் மேலேயே ஊற்றினார்.

நாலாவது பஜ்ஜி என் வாயில் இருந்தது.