ருக்மணியின் மெர்டேக்கா

மலாக்காவின் காஜா பேராங்கில் ருக்மணியின் வீட்டுக்கு மாலையும் கையுமாக வந்தார் கட்சிச் செயலாளர் ஜெயபாலன்.

"வெள்ளைக்காரன் போயிட்டான், மெர்டேக்கா கெடச்சிருச்சிக்கா! ரெண்டு வருசமா சுதந்திரக் கூட்டம் ஒண்ணு விடாம வந்து, உங்கள மாதிரி தொண்டை கிழிய 'மெர்டேக்கா'ன்னு கத்துனவங்க மலாக்காவுலயே இல்ல."

"அடுத்த கூட்டம் எப்ப தம்பி?"

"அதான் கெடச்சிருச்சே, இனிமே எதுக்குக்கா கூட்டம்?"

ருக்மணி பொலபொலவென்று அழுதுவிட்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து, ஜெயபாலன் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

உள்ளே, பக்கவாதம் வந்து ஆறு வருசமாகக் கட்டிலில் கிடக்கும் அவள் கணவர் பொன்னுதுரை முனகினார்.

"அங்க போய்க் கத்திட்டு வந்தா, நாலு நாளைக்கு என்மேல எரிஞ்சு விழாம சோறு ஊட்டுவா. பாழாப்போன வெள்ளைக்காரன் இன்னும் கொஞ்ச நாளு இருந்துட்டுப் போயிருக்கக் கூடாதா!"