கட்டுப் போட்ட கை

மல்சிம் அன்றும் வலக்கையில் கட்டுப் போட்டுக்கொண்டுதான் வகுப்புக்கு வந்தாள்.

"ஏண்டி மல்சிம், சூசோக் பண்டிகைக்குள்ளயாவது அந்தக் கை ஆறிடுமா?" என்று கேட்டாள் கருவாட்டுக் கடை சுன்ஜா. மொக்போ துறைமுகத்து வயதுவந்தோர் எழுத்தறிவு வகுப்பே சிரித்தது.

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் மல்சிமின் கணவர், படகோட்டி தொக்பே.

"பேனாவைக் கண்டாலே இவளுக்குக் கை வலி வந்துரும்! தனியாப் போக மாட்டேன்னு ஒரே அழுகை. துணைக்குத்தான் நானும் வந்து உக்காந்திருக்கேன்."

சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்தபடி தம் பெயரின் முதலெழுத்தை வரையத் தொடங்கினார்.

ஊதியமின்றிக் கற்பிக்கும் கியோங்ரானுக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் வங்கியில் பணியாற்றியவர் அவர். எழுதத் தெரியாதவர்கள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, "அடிபட்டிருக்கு, நீங்களே எழுதிக் குடுங்க" என்று வந்து நிற்பதை எத்தனையோ முறை பார்த்தவர். வெட்கத்தை மறைக்கிற கட்டு அது. கற்றுக்கொள்ள வந்த இடத்திலும் அதை அவிழ்க்காதவளை என்ன செய்வது? இடம் கிடைக்காமல் ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள்.

இடைவேளையில் மல்சிமைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

"மூணு மாசமாச்சு. ஒரு எழுத்துகூட நீங்க எழுதல. மனசில்லாதவங்க, மனசிருக்கறவங்க இடத்தை அடைச்சுட்டு உக்காரக் கூடாதும்மா. இது விலகல் படிவம். கைநாட்டு வெச்சுட்டுக் கிளம்புங்க."

மல்சிம் படிவத்தை வாங்கினாள். அவள் கண்கள் வரிவரியாக இறங்கின.

"டீச்சர், இதுல தேதி தப்பா இருக்கு. இன்னைக்குப் பதினேழு."

கியோங்ரான் திகைத்துப்போனார். "நீங்க... படிச்சவங்களா?"

"மெதுவாப் பேசுங்க டீச்சர்!" மல்சிம் வகுப்பறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "பள்ளிப் படிப்பு முழுசும் முடிச்சவ. இவருக்கு எழுத்து தெரியாதுன்னு கல்யாணமான மறுவாரமே புரிஞ்சுபோச்சு. அதை எங்கிட்ட மறைக்க மனுஷன் பட்ட பாடு! அதனால, எனக்கும் தெரியாதுன்னுட்டேன். முப்பத்தொரு வருஷம் ஓடிப்போச்சு."

"அப்போ இந்தக் கட்டு?"

"முதல் நாள் கோணல்மாணலா எழுதித்தான் பார்த்தேன். இந்தப் பாழாப்போன கை கேக்கல, அச்சடிச்ச மாதிரி எழுதிருச்சு. அவர் பாக்கறதுக்குள்ள அழிச்சேன். மறுநாளே கட்டுப் போட்டுட்டேன். இப்ப என்னை அனுப்பிட்டீங்கன்னா, யாருக்குத் துணைன்னு சொல்லி அவர் இங்க உக்காருவாரு?"

முப்பத்தோர் ஆண்டுகள் அறியாமையை விரும்பிச் சுமந்த ஒருத்தியை அக்கறையற்றவள் என்று எடைபோட்டோமே என்று கியோங்ரானின் மனம் கூசியது. படிவத்தைக் கிழித்துவிட்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தார்.

"தொக்பே ஐயா! உங்க வீட்டம்மா ரொம்பப் பின்தங்கியிருக்காங்க. என்னால முடியல."

தொக்பே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க கவலைய விடுங்க டீச்சர். இவளுக்கு நான் சொல்லிக் குடுக்கறேன்."