குட்டியின் குரல்

வாசல் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே காலை வைத்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

செத்து இரண்டு வருஷமான தங்கை, கூடத்தில் முதுகைக் காட்டி நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். அதே பச்சை ஸ்வெட்டர். தோளோடு வெட்டிய அதே முடி. மூக்கால் முனகும் அதே பாட்டு.

திரும்பினாள். முகம் வேறு. தங்கை புருஷன் போன வருஷம் கட்டிக்கொண்ட இரண்டாவது மனைவி.

"வாங்கக்கா. ஃப்ளைட் லேட்டா?"

பதில் சொல்வதற்குள் உள்ளறையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "குட்டி, யாருடி வந்திருக்கா?"

"அக்கா வந்திருக்காம்மா."

குட்டி என்பது தங்கையின் செல்லப்பேர். குரலும் அவளுடையதுதான், கடைசியில் இழுக்கும் அந்த இழுப்பு உட்பட. அக்கா அந்தப் பெண்ணைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"என்ன கூத்து இது? என் தங்கை புருஷனைக் கட்டிக்கிட்டே, சரி. அவ துணி, அவ முடி, அவ குரல்... பேரையுமா எடுத்துக்குவே?"

அவள் அடுப்பை அணைத்தாள்.

"நான் வந்த புதுசுல அம்மா ஞாபகம் கலங்கிக் கிடந்தாங்க. குட்டி எங்கேன்னு கேட்டாங்க. யோசிக்காம, 'அவங்க இறந்துட்டாங்களேம்மா'ன்னுட்டேன். அப்பதான் முதல் தடவை கேக்கிற மாதிரி தரையில விழுந்து அழுதாங்க. மறுநாள் அதை மறந்துட்டு மறுபடி கேட்டாங்க. இன்னொரு தடவை அழவைக்க மனசு வரலக்கா. 'நான்தாம்மா குட்டி'ன்னேன். அவர்கிட்ட ஒவ்வொண்ணாக் கேட்டுப் பழகிக்கிட்டேன்."

அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. 'அத்தை இங்கேயே இருக்கட்டும்' என்று மாப்பிள்ளை சொன்னபோது, அப்பாடா என்று ஃபோனை வைத்தவள் அவள்.

அந்தப் பெண் மருந்து வாங்கக் கிளம்பினாள். அக்கா அம்மாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். அம்மா வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தாள். பிறகு மகளின் கையை இறுகப் பிடித்தாள். அந்தக் கண்களில் கலக்கமே இல்லை.

"அவளைத் திட்டினியா?"

"யாரை, குட்டியையா?" என்று சமாளித்தாள் அக்கா.

"குட்டி செத்துட்டாடி. எனக்குத் தெரியும்."

"எப்போலேர்ந்தும்மா?"

"டாக்டர் மாத்திரையை மாத்தினதுமே தெளிஞ்சுடுச்சு. அன்னைக்கே சொல்லியிருப்பேன். ஆனா இவ என் மடியில தலையை வச்சுத் தூங்கிட்டிருந்தா. தூக்கத்துல அம்மாங்கிறா."

"அதுக்காக..."

"மெதுவாப் பேசு, வந்துடப்போறா. பெத்தவ முகத்தையே பார்க்காம வளர்ந்த பொண்ணு அது. எனக்குத் தெளிஞ்சுடுச்சுன்னு சொல்லி, அவளை மறுபடி அநாதையாக்கச் சொல்றியா?"