பின்தெருத் தண்ணீர்

எந்தத் தெருவுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதை நகராட்சியின் சமன்பாடுதான் முடிவுசெய்கிறது. ஆட்சேபணையைக் கணிதத்தில் எழுதித் தந்தால்தான் வாங்குவார்கள். அதற்காகவே தையல்காரி பிரிசில்லாவைத் தெருவே சேர்ந்து இரண்டு வருடம் கால்குலஸ் வகுப்புக்கு அனுப்பினோம்.

இன்று குழாயடியில் என்னிடம் சொன்னாள்: “இன்டெக்ரேஷன்ல லிமிட்டத் தப்பாப் போட்டிருக்காங்கக்கா.”

“அப்ப நமக்கு இன்னும் எவ்வளவு வரணும்?”

“இப்ப நாப்பது நிமிஷம் வருது. வர வேண்டியது இருபதுதான். மிச்சம் பின்தெருத் தண்ணி.”

நான் குடத்தை அலசிக் கொட்டினேன்.

“பின்தெருவுல கணக்குப் படிச்சவங்க யாராச்சும் இருக்காங்களாக்கா?”

என் தங்கை வாழ்க்கைப்பட்டிருப்பது அங்கேதான். கணக்கு வராது என்று பத்தாவதோடு நின்றவள்.

“யாருமில்ல” என்று சொல்லிவிட்டு, என் குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தினேன்.